தூதரகம் திறந்தாச்சு, நம்ம முறை எப்போ? விசா வரிசை உள்ளே எப்படி ஓடுது

போன வாரம் வந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேசும்போது இழுத்த இழுவையெல்லாம் வெட்டிட்டு, தேதிகளையும் எண்களையும் இன்னொரு தடவை சரிபார்த்துப் போட்டிருக்கோம்.

நமக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்விதான் இந்த எபிசோட். "கான்சுலேட் திறந்துடுச்சு, விசா சேவை மறுபடி ஆரம்பிச்சாச்சுன்னு நியூஸ்ல போட்டாங்க. ஆனா என் மனைவியோட கேஸ் ஒரு இஞ்ச்கூட நகரல. ஏன் ப்ரோ?" மனைவிங்கிற இடத்துல கணவர், அம்மா, தம்பின்னு மாத்தி மாத்திக் கேக்குறாங்க. கேள்வி ஒண்ணுதான்.

சுருக்கமான பதில் இது: சேவை ஆரம்பிச்சாச்சுங்கிறது அந்தக் கட்டடத்தைப் பத்தின செய்தி. உங்க முறை எப்போங்கிறது வரிசையைப் பத்தின செய்தி. ரெண்டுக்கும் நடுவுல வருஷக்கணக்கு இடைவெளி வரலாம். அது எப்படி வருதுன்னு 2020, 2021-ல நடந்ததை வெச்சே பிரிச்சுப் பார்க்கலாம். ஒண்ணு முன்னாடியே சொல்லிடுறேன். நான் வக்கீல் இல்ல, கோட் எழுதுறவன். உங்க கேஸுக்கு முடிவெடுக்கும் முன்னாடி குடியேற்றச் சட்டம் தெரிஞ்ச வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

எங்க ஊரு, எங்க அக்கா

எனக்குச் சொந்த ஊரு புதுக்கோட்டை. உடனே மாவட்டத் தலைநகர், தொண்டைமான் அரண்மனைன்னு நினைச்சுடாதீங்க. இது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போற ரோட்டுல இருக்கிற புதுக்கோட்டை. பக்கத்துலதான் வாகைகுளம் விமான நிலையம். இந்தக் கரையில வீட்டுக்கு ஒருத்தர் எங்கேயாவது வெளியூர்ல, வெளிநாட்டுல, இல்லேன்னா கப்பல்ல இருப்பாங்க. அதனால "பேப்பர் வந்துட்டா?"ன்னு கேக்குறது எங்க ஊர்ல "சாப்டாச்சா?"ன்னு கேக்குற மாதிரி.

எங்க பெரியம்மா பொண்ணு, அதாவது எனக்கு அக்கா, 2019 ஜனவரியில கல்யாணம் பண்ணினா. அத்தான் டெக்சாஸ்ல வேலை பார்க்கிறார், கிரீன் கார்டு வெச்சிருக்கார். கல்யாணம் முடிஞ்ச கையோட மனு போட்டாங்க. அந்த வருஷக் கடைசியில மனு ஏத்துக்கப்பட்டுச்சு. 2020 மார்ச் தொடக்கத்துல எல்லா ஆவணமும் சரின்னு மெயில் வந்துச்சு. பாக்கி நேர்காணல் மட்டும்தான். அக்கா ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். எப்படியும் ஜூன்ல அங்க இருப்போம்னு நினைச்சு பிப்ரவரியிலயே ராஜினாமா கடிதம் கொடுத்துட்டா. அப்போ அவ மூணு மாசம் கர்ப்பம்.

அவ நேர்காணல் நடந்தது 2022 பிப்ரவரியில.

இந்த ரெண்டு வருஷத்துல அந்தக் கட்டடம் மூடியே கிடக்கல. பாதி நாளுக்கு மேல திறந்துதான் இருந்துச்சு.

ஒரு விசாவுக்கு மூணு வரிசை

அமெரிக்கக் குடும்ப விசாவை ஒரே வரிசைன்னு நினைச்சா குழப்பம்தான் மிஞ்சும். மூணு வரிசை, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது.

முதல் வரிசை, மனு. அங்க இருக்கிறவர் ஐ-130 படிவம் போட்டு, "இவங்க என் மனைவி, இது நிஜமான கல்யாணம்"னு நிரூபிக்கணும். இதைப் பார்க்கிறது அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறை. தூதரகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தூதரகம் மூடினாலும் இந்த வரிசை ஓடும்.

ரெண்டாவது வரிசை, எண். அமெரிக்கக் குடிமகனோட மனைவி, கணவர், 21 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை, பெற்றோர், இவங்களுக்கு வருஷ உச்சவரம்பு கிடையாது. மத்தவங்களுக்கு உண்டு. கிரீன் கார்டு வெச்சிருக்கவரோட மனைவி, சின்னப் பிள்ளைகள் எஃப்2ஏ பிரிவு. குடிமகனோட அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி எஃப்4. மாசாமாசம் வர்ற விசா புல்லட்டின்ல யாரோட தேதி வந்திருக்குன்னு போடுவாங்க. இந்தியாவுக்கான எஃப்4 15 வருஷத்துக்கும் மேல பின்னாடி நிக்குது. ஆனா எஃப்2ஏ 2019 ஜூலையிலிருந்து பல வருஷம் "கரன்ட்"ல இருந்துச்சு. அதாவது அக்காவுக்கு இந்த வரிசையே இல்ல.

மூணாவது வரிசை, நேர்காணல். மனு ஏத்துக்கப்பட்டு, எண்ணும் கிடைச்சதும், நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கிற தேசிய விசா மையம் கட்டணம், டிஎஸ்-260 படிவம், பொருளாதார உறுதிமொழி, சான்றிதழ் எல்லாத்தையும் வாங்கிச் சரிபார்க்கும். சரின்னா "ஆவணங்கள் பூர்த்தி"ன்னு தகவல் வரும். அந்தத் தேதியிலிருந்து நீங்க நேர்காணல் வரிசையில நிக்கிறீங்க. இந்தியாவுல குடும்பக் குடியேற்ற விசா நேர்காணல் பெரும்பாலும் மும்பையிலதான். சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கம் நாம பார்க்கிற கூட்டம் சுற்றுலா, மாணவர், வேலை விசாவுக்கு வந்த கூட்டம். அதனால "சென்னைல திறந்துட்டாங்க"ங்கிற செய்தி எங்க அக்காவுக்கு நேரடியா ஒண்ணும் பண்ணல.

தூதரகம் மூடினா நிக்கிறது இந்த மூணாவது வரிசை. நீங்க எந்த வரிசையில இருக்கீங்கன்னு தெரியாம நியூஸ் பார்த்தா, சம்பந்தமில்லாத செய்திக்குச் சந்தோஷப்படுவீங்க, சம்பந்தமில்லாத செய்திக்கு அழுவீங்க.

ரெண்டு பூட்டு

2020 மார்ச் 20 அன்னிக்கு அமெரிக்க வெளியுறவுத்துறை உலகம் முழுக்க வழக்கமான விசா சேவையை நிறுத்துச்சு. காரணம் கொரோனா. இது முதல் பூட்டு.

ஏப்ரல் 22-ல அதிபர் டிரம்ப் பிரகடனம் 10014-ல கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டுல இருந்து வர்ற பல பிரிவுகளுக்குக் குடியேற்ற விசா 60 நாளைக்குக் கிடையாது. சொன்ன காரணம், அமெரிக்கர்களோட வேலைவாய்ப்பு. இது ரெண்டாவது பூட்டு. 60 நாள் முடியும்போது அதை டிசம்பர் 31 வரை நீட்டினாங்க. டிசம்பர் 31 வந்ததும் 2021 மார்ச் 31 வரை நீட்டினாங்க. குடிமகனோட மனைவிக்கும் சின்னப் பிள்ளைக்கும் விலக்கு இருந்துச்சு. கிரீன் கார்டுக்காரரோட மனைவிக்கு விலக்கு இல்ல.

இப்போ 2020 ஜூலை 14-ஐப் பாருங்க. விசா சேவையைப் படிப்படியா மறுபடி ஆரம்பிக்கிறோம்னு அறிவிப்பு வந்துச்சு. பெரியம்மா டிவியில பார்த்துட்டு எனக்குப் போன் போட்டாங்க. "ஏல, தொறந்துட்டானுவளாம்லா. அக்காவுக்கு எப்பம் கூப்புடுவானுவ?" முதல் பூட்டு லேசாத் தளர்ந்திருக்கு, ரெண்டாவது பூட்டு இறுகியிருக்குன்னு பெரியம்மாவுக்கு எப்படிச் சொல்றது? வாசல்கதவு திறந்திருக்கு பெரியம்மா, உள்கதவுக்குச் சாவி வேற ஆளுகிட்ட இருக்குன்னு சொன்னேன். "அப்பம் எதுக்குல தொறந்தோம்னு சொல்லுதான்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி.

ரெண்டாவது பூட்டை அதிபர் பைடன் 2021 பிப்ரவரி 24-ல ரத்து பண்ணினார். அப்போ முதல் பூட்டு பாதி திறந்திருந்துச்சு. ரெண்டு மாசத்துல நம்ம ஊர்ல ரெண்டாவது அலை. மே மாசம் இந்தியாவுல வழக்கமான விசா நேர்காணல்கள் மறுபடி ரத்து.

துறைமுகக் கணக்கு

பூட்டு திறந்த பிறகும் ஏன் நகரலங்கிறதுக்கு எங்க ஊர்த் துறைமுகத்தையே எடுத்துக்கலாம். புயல் எச்சரிக்கைன்னா வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வர்ற கப்பல்கள் வெளியே கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும். புயல் போனதும் துறைமுகம் திறந்துடும். ஆனா நிக்கிற எல்லாக் கப்பலும் அன்னிக்கே உள்ள வர முடியாது. எத்தனை பெர்த் இருக்கோ அத்தனைதான். அதோட, புதுசா வர்ற கப்பல் வந்துக்கிட்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எண்கள் புரிதலுக்காக நானே வெச்சது. ஒரு அலுவலகத்துக்கு ஒரு நாளைக்கு 10 கேஸ் வருது, 10 கேஸ் முடியுது. 30 வேலை நாள் மூடுறாங்க. 300 கேஸ் சேருது. இப்போ முழுசாத் திறந்து, பழைய வேகத்துல நாளைக்கு 10 முடிக்கிறாங்க. அந்த 300 எப்போ கரையும்?

கரையவே கரையாது. வர்றதும் 10, போறதும் 10. புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் 30 நாள் காத்திருந்துதான் ஆகணும், என்னைக்கும். வேகத்தை 12 ஆக்கினா நாளைக்கு 2 குறையும், தீர 150 வேலை நாள். மூடினது 30 நாள், சரியாக 150 நாள். சமூக இடைவெளி, ஆள் குறைவுன்னு 7-தான் முடியுதுன்னா? அலுவலகம் திறந்திருக்கும்போதே வரிசை தினமும் 3 நீளும்.

கடைசியா சொன்னதுதான் நிஜத்துல நடந்துச்சு. 2019-ல ஆவணம் பூர்த்தியாகி நேர்காணல் தேதிக்காக நின்னவங்க, உலகம் முழுக்க, மாசத்துக்குச் சராசரியா சுமார் 61,000. 2021 பிப்ரவரியில சுமார் 4,73,000. ஏழு மடங்குக்கும் மேல. இதுல பெரும்பகுதி "படிப்படியா மறுபடி ஆரம்பிச்சாச்சு"ன்னு சொன்னதுக்கு அப்புறம் வந்த மாசங்கள்.

அதனால, திறந்தாங்களா மூடினாங்களான்னு பார்க்கிறதைவிட, மாசத்துக்கு எத்தனை நேர்காணல் கொடுக்கிறாங்க, எத்தனை பேர் புதுசா வரிசைக்கு வர்றாங்கன்னு பாருங்க. அந்த ரெண்டு எண்ணோட வித்தியாசத்துலதான் உங்க தேதி இருக்கு. எத்தனை பேர் தயாரா நிக்கிறாங்க, எத்தனை பேருக்குத் தேதி கொடுத்தோம்னு வெளியுறவுத்துறையே மாச அறிக்கை போட ஆரம்பிச்சுது. அந்த அறிக்கைக்கு முன்னாடி நியூஸ் சேனல் ஒண்ணுமே இல்ல.

வரிசையும் நேர் வரிசை இல்ல

கோட் எழுதுறவங்களுக்கு இது பழகின விஷயம். முன்னுரிமை வரிசைன்னு வெச்சா, மேல் அடுக்குல வேலை வந்துக்கிட்டே இருக்கிற வரைக்கும் கீழ் அடுக்குக்கு முறையே வராது. அதுக்குப் பேரே ஸ்டார்வேஷன், பட்டினி.

2021 ஏப்ரல் 30-ல வெளியுறவுத்துறை நாலு அடுக்கு அறிவிச்சுது. முதல் அடுக்கு, தத்தெடுப்பு, வயசு தாண்டப் போற பிள்ளைகள், அமெரிக்க அரசுக்கு வேலை செஞ்ச ஆப்கன், இராக் மக்கள் மாதிரியான கேஸ்கள். ரெண்டாவது, குடிமகனோட மனைவி, பெற்றோர், நிச்சயமான ஜோடிகள். மூணாவது, மத்த குடும்பப் பிரிவுகள். எங்க அக்கா இங்க. நாலாவது, வேலைவாய்ப்பு வழிக் குடியேற்றமும் மற்றதும்.

இதுல நியாயம் இருக்கு. 21 வயசு தாண்டினா வாய்ப்பே போயிடுற பிள்ளையை முன்னாடி விடத்தான் வேணும். ஆனா மூணாவது அடுக்குல நிக்கிறவங்களுக்கு யாரும் "உங்களைப் பின்னாடி தள்ளியிருக்கோம்"னு மெயில் போடுறதில்ல. சத்தமே இல்லாம மாசம் போகும். 2021 நவம்பர்ல, எதை முதல்ல எடுக்கலாம்னு அந்தந்த அலுவலகமே தீர்மானிக்கலாம்னு தளர்த்தினாங்க. அக்காவுக்கு நேர்காணல் மெயில் வந்தது அதுக்கு அப்புறம்தான்.

மூடியிருக்கும்போது ஓடுற கடிகாரங்கள்

வரிசை நின்னாலும் மத்த கடிகாரம் எதுவும் நிக்காது. இதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல.

காகிதக் கடிகாரம்: மருத்துவப் பரிசோதனை பொதுவா ஆறு மாசம்தான் செல்லும். போலீஸ் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. பொருளாதார உறுதிமொழியோட கொடுத்த வருமான வரி கணக்கு பழசாயிடும். அக்கா திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போலீஸ் சான்றிதழுக்காக ரெண்டாவது தடவை போனப்போ கையில குழந்தை.

குழந்தைக் கடிகாரம்: 2020 செப்டம்பர்ல பையன் பிறந்தான். பிறந்ததும் அவனும் அந்த கேஸ்ல ஒரு விண்ணப்பதாரர். அவனுக்குத் தனிப் பாஸ்போர்ட், தனி டிஎஸ்-260, தனியா 325 டாலர் கட்டணம். அத்தான் பையனை முதல்முதலா நேர்ல பார்த்தப்போ அவனுக்கு ஐந்து மாசம். மூணு வாரம் இருந்துட்டுக் கிளம்பிட்டார். "வேலையை விட்டுட்டு இங்கேயே இருந்துடலாமே"ன்னு ஊர்ல கேட்டாங்க. கிரீன் கார்டுக்காரர் ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா அந்தத் தகுதியே கேள்விக்குள்ள வந்துடும். ஆறு மாசம் தாண்டினாலே குடியுரிமைக்கான கணக்குல சிக்கல். "அக்கா டூரிஸ்ட் விசாவுல போய்ப் பார்த்துட்டு வரட்டுமே"ன்னும் கேட்டாங்க. குடியேற மனு நிலுவையில இருக்கிறவங்க "திரும்பி வந்துடுவேன்"னு அதிகாரியை நம்ப வைக்கணும். பெரும்பாலும் நம்ப மாட்டாங்க.

எண் கடிகாரம்: இதுதான் எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. வருஷ உச்சவரம்பு இருக்கிற பிரிவுகள்ல, அந்த நிதியாண்டுல கொடுக்காத எண்கள் அடுத்த வருஷம் அதே குடும்பங்களுக்கு வராது. சட்டப்படி வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போகும். 2020 நிதியாண்டுல அப்படிக் கைமாறினது சுமார் 1,22,000. அதனால வழக்கமா 1,40,000 இருக்கிற வேலைவாய்ப்பு ஒதுக்கீடு 2021-ல சுமார் 2,62,000 ஆச்சு. ஐ.டி. நண்பர்கள் சில பேருக்கு அந்த வருஷம் தேதி வேகமா நகர்ந்ததே, ஞாபகம் இருக்கா? அந்த வேகம் எங்கேயோ ஒரு அண்ணனும் தங்கச்சியும் இழந்த இடத்துல இருந்து வந்தது. அதையும் முழுசாப் பயன்படுத்தல, பல ஆயிரம் எண்கள் வீணாப் போச்சு.

அப்புறம், எந்த அரசாங்கமும் எண்ணாத ஒரு கடிகாரம். அக்காவோட பழைய வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு. வேற பள்ளிக்கூடம் தேடினா, "எப்போ வேணா கிளம்பிடுவீங்களே டீச்சர்"னு சொல்லி எடுக்கல. போறவளுமில்ல, இருக்கிறவளுமில்ல. கடைசியில வீட்டு மாடியில டியூஷன் ஆரம்பிச்சா. காத்திருக்கிறது ஏன் இவ்வளவு களைப்புன்னு அவளைப் பார்த்துதான் புரிஞ்சுக்கிட்டேன். பிள்ளைக்குத் தடுப்பூசி எங்க, அடுத்த வருஷம் எந்த ஊர், ஒரு பீரோ வாங்கலாமா கூடாதா, எல்லாமே பதில் இல்லாமத் தொங்கும்.

கனடா 2023: மூடினாலும் நிக்காத வரிசை

எல்லா நாடும் ஒரே மாதிரி மாட்டிக்கிறதில்ல. 2023-ல இந்தியா, கனடா சண்டை ஞாபகம் இருக்கும். அக்டோபர்ல கனடா தன்னோட 62 தூதரக அதிகாரிகள்ல 41 பேரைத் திருப்பிக் கூப்பிட வேண்டியதாச்சு. பெங்களூரு, மும்பை, சண்டிகர் துணைத் தூதரகங்கள்ல நேரடிச் சேவை நின்னுச்சு. குடியேற்றத் துறை ஆளுங்க 27-லிருந்து 5 ஆனாங்க.

இருந்தாலும் 2020 மாதிரி மொத்தமா நிக்கல. காரணம், வேலையைப் பிரிச்சு வெச்சிருந்த விதம். இந்திய விண்ணப்பங்கள்ல 89 சதவீதம் ஏற்கெனவே இந்தியாவுக்கு வெளியேதான் பரிசீலனையாச்சு. கைரேகை வாங்குற விசா மையங்களை நடத்தினது ஒப்பந்த நிறுவனம், அது திறந்தே இருந்துச்சு. டிசம்பர் கடைசிக்குள்ள 17,500 முடிவுகள் தாமதமாகும், 2024 தொடக்கத்துல சரியாகும்னு அவங்களே எண்ணோட சொன்னாங்க. அமெரிக்கக் குடியேற்ற விசாவுல ஒரு அதிகாரி முன்னாடி நேர்ல நின்னு சத்தியம் பண்ணணும். எல்லாம் ஒரே வாசல் வழியாப் போற அமைப்பு அது. வாசல் அடைச்சா மொத்தமும் அடைச்சுக்கும்.

நம்ம பக்கமும் சும்மா இல்ல. கனடாக்காரங்களுக்கான விசாவை இந்தியா 2023 செப்டம்பர் 21-ல நிறுத்துச்சு. அக்டோபர் 26-ல சில பிரிவுகள், நவம்பர் 22-ல இ-விசா திரும்ப வந்துச்சு. ஓசிஐ அட்டை இருந்தவங்களுக்குப் பிரச்சினை இல்ல. ஆனா கனடா பாஸ்போர்ட் எடுத்த ஈழத்தமிழர்கள்ல பெரும்பாலோர்கிட்ட அந்த அட்டை இருக்காது. திருச்செந்தூர்ல நேர்த்திக்கடன், மதுரையில கல்யாணப் புடவைன்னு திட்டம் போட்டவங்க அப்படியே நின்னாங்க.

திரும்பத் திறக்காத வரிசையும் உண்டு

எங்க கரைக்கு இது புதுசில்ல. புதுக்கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்துல தட்டப்பாறைன்னு ஊர். வெள்ளைக்காரன் காலத்துல சிலோன் தோட்டத்துக்குப் போற தொழிலாளர்களைக் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி நிறுத்தி வெச்சு, நோய் இருக்கான்னு பார்த்த முகாம் அங்க இருந்துச்சு. இன்னொண்ணு மண்டபத்துல.

அப்படிப் போனவங்களோட வாரிசுகள் விஷயத்துல 1964 அக்டோபர் 30-ல சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் வந்துச்சு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கணும், 3,00,000 பேரை இலங்கை. மீதி 1,50,000 பேரை 1974-ல பாதிப்பாதியாப் பிரிச்சாங்க. விண்ணப்பம், விசாரணை, பாஸ்போர்ட்னு வருஷக்கணக்கா வரிசை. 1984-ல தலைமன்னார், ராமேஸ்வரம் கப்பல் நின்னுச்சு. இந்தியக் குடியுரிமை கிடைச்சும் கிளம்பாம சுமார் 84,000 பேர் இலங்கையில தங்கிட்டாங்க. ஒரே குடும்பத்துல பாதி இங்க, பாதி அங்க. அவங்க அங்கேயே குடியுரிமை வாங்க இலங்கை சட்டம் போட்டது 2003-ல. 19 வருஷம். வரிசை நகர்ந்து முடியல, வரிசையையே கலைச்சுத்தான் முடிச்சாங்க.

பயமுறுத்துறதுக்காக இதைச் சொல்லல. "எப்படியும் திறப்பாங்க"ங்கிற ஒரே நம்பிக்கை மேல மொத்த வாழ்க்கையையும் நிறுத்தி வைக்கக் கூடாதுங்கிறதுக்காகச் சொல்றேன்.

அப்போ என்னதான் பண்றது?

ஒண்ணு. எந்த வரிசையில இருக்கீங்கன்னு ஒரு தாள்ல எழுதுங்க. பிரிவு, முன்னுரிமைத் தேதி, ஆவணம் பூர்த்தியான தேதி. ஒரே பிரிவு, ஒரே அலுவலகம்னா, ஆவணம் முதல்ல பூர்த்தியானவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. அதனால மூடியிருக்கிற காலத்துலயும் ஆவணத்தை முடிச்சு வெச்சுடுங்க. திறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கிறவங்க பின்னாடிதான் நிப்பாங்க.

ரெண்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது விசா மையத்தோட இணையதளத்துல உள்ள போங்க, இல்ல ஒரு கேள்வியாவது அனுப்புங்க. அறிவிப்பு வந்து ஒரு வருஷம் எந்தத் தொடர்பும் இல்லேன்னா மனுவையே ரத்து பண்ணச் சட்டத்துல இடம் இருக்கு.

மூணு. மருத்துவப் பரிசோதனையை முன்கூட்டியே பண்ணாதீங்க. நேர்காணல் தேதி கையில வந்த பிறகு போதும். பெயர் பிரச்சினையை மட்டும் இப்பவே பாருங்க. நம்ம ஊர் இனிஷியலை ஒரு சான்றிதழ்ல விரிச்சும், இன்னொண்ணுல விரிக்காமலும் எழுதியிருப்பாங்க. திருமணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் மூணுலயும் ஒரே பெயரா இருக்கட்டும்.

நாலு. அங்க இருக்கிறவர் குடியுரிமைக்குத் தகுதி வந்துட்டா, மனைவியோட கேஸ் உச்சவரம்பு இல்லாத பிரிவுக்கு மாறும். நல்ல விஷயம். ஆனா ஒரு பொறி இருக்கு. பழைய பிரிவுல அம்மாவோட கேஸ்லயே ஒட்டிக்கிட்டு இருந்த பிள்ளை, புதுப் பிரிவுல ஒட்டாது. பிள்ளைக்குத் தனியா ஐ-130 போடணும். இது தெரியாம அம்மாவுக்கு மட்டும் விசா வந்து நின்ன குடும்பங்கள் உண்டு.

ஐந்து. உயிர் போற மருத்துவ அவசரம், பிள்ளைக்கு 21 வயசு நெருங்குதுன்னா, அவசரக் கோரிக்கை போட வழி இருக்கு. ஆதாரத்தோட போடுங்க. வயசுக் கணக்குக்கு 2002-ல வந்த தனிச் சட்டமே இருக்கு, அதை வக்கீலோட உக்கார்ந்து பாருங்க.

ஆறு. விசா ஒட்டின பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் வேலையை விடாதீங்க, வீட்டைக் காலி பண்ணாதீங்க, டிக்கெட் போடாதீங்க. தூதரகமே இதைத்தான் சொல்லுது. ஏற்கெனவே விட்டுட்டீங்கன்னா, இங்க ஒரு வாழ்க்கையை ஆரம்பிங்க. பீரோ வாங்குங்க. கிளம்பும்போது யாருக்காவது கொடுத்துட்டுப் போகலாம்.

அக்காவோட நேர்காணல் மும்பையில ஐந்து நிமிஷம்கூட நடக்கல. நாலு கேள்வி, கைரேகை, அவ்வளவுதான். 2022 மார்ச் 27-ல வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி ஓட ஆரம்பிச்சுது, ஏப்ரல்ல அவளும் பையனும் கிளம்பினாங்க. டியூஷன் பிள்ளைகளை பாதியில விடாம முழுப் பரீட்சை வரைக்கும் ஆன்லைன்ல எடுத்து முடிச்சா.

உங்க கேஸ் எந்த வரிசையில நிக்குதுன்னு இன்னிக்கு ராத்திரி உக்கார்ந்து அந்தத் தாளை எழுதிப் பாருங்க. எங்கேயாவது புரியலேன்னா கேள்வியா அனுப்புங்க, வக்கீல் ஒருத்தரை உக்கார வெச்சு அடுத்த எபிசோட்ல கேட்டுடுவோம். வீட்டுல காத்திருக்கிற பெரியம்மாக்களுக்கு இதை வாசிச்சும் காட்டுங்க. அவங்க கேக்குற கேள்விக்கு நியூஸ்ல பதில் வர்றதில்ல.